குடத்தில் யார் பெயர்? – பரிசுத் திட்டங்களின் சட்டமும் நியாயமும் குறித்துச் சில குறிப்புகள்

பிஸ்கட் பொட்டலம், சோப்பு உறை, குளிர்பான பாட்டில் மூடி என்று எதனோடாவது ஒட்டிக்கொண்டு வரும் பரிசுப் போட்டி விளம்பரங்களைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிறவர்கள் குறைவு. படித்தால், கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய பொடி எழுத்தில் ஒரு வாசகம் அகப்படும்: இத்திட்டம் தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்குப் பொருந்தாது. இந்தியா முழுமைக்கும் கார், தங்கக் காசு, வெளிநாட்டுப் பயணம் என்று அள்ளி வீசுகிற கம்பெனி, நம் எல்லைக்கு வந்ததும் கையை மடக்கிக்கொள்கிறது. பொருளின் விலையில் மட்டும் பைசா குறைவதில்லை. 'நமக்கு மட்டும் ஏன் இல்ல?' என்று கடைக்காரரைக் கேட்டால், 'கவர்மெண்டு ரூல்சு சார்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த 'ரூல்சு' 1979-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் (தடை) சட்டம். கடையில் பொருள் வாங்கியவர்களுக்குள் குலுக்கல் முறையிலோ வேறு எந்த முறையிலோ சிலரைப் பொறுக்கி எடுத்துப் பரிசு கொடுப்பதை அது தடுக்கிறது. சிலருக்கு இது சலுகையைப் பறிக்கும் சட்டம். வேறு சிலருக்கு ஏழை ஜனங்களைக் காப்பாற்றும் சட்டம். இரண்டு தரப்புமே குலுக்கல் நடக்கும் அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம். குடத்துக்குள் யாருடைய பெயர் போகிறது, யாருடைய பணம் போகிறது, குடம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்விகளை வைத்துக்கொண்டு, காவிரிப் படுகையில் நின்றபடி இந்தச் சட்டங்களின் வரலாற்றை வாசித்துப் பார்க்கும் முயற்சி இது.

1

தமிழ் படித்த எனக்கு முதல் இடறல் 'பரிசு' என்ற சொல்லிலேயே வருகிறது. சங்கப் பாடல்களில் பரிசில் என்பது பாணரும் புலவரும் புரவலனிடம் பெறுவது. புறத்திணையில் இதற்கென்றே துறைகள் உண்டு. பரிசில் கடாநிலை என்பது, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் காலம் கடத்தும் தலைவனிடம் புலவர் வாய்விட்டுக் கேட்டு நிற்பது. ஆக, பரிசில் வெறும் தயவு அல்ல. கேட்டு வாங்கக்கூடிய ஒன்று. அதியமான் நெடுமான் அஞ்சி தன்னை நேரில் காணாமலே பொருள் கொடுத்தனுப்பியபோது பெருஞ்சித்திரனார் அதை வாங்க மறுத்த செய்தி புறநானூற்றின் 208-ஆம் பாட்டில் இருக்கிறது. முகம் பார்க்காமல் தருவதை வாங்கிக்கொண்டு போக நான் வியாபாரி இல்லை என்பது அவர் தரப்பு.

இதைப் பொற்காலமாக்கிப் பாட எனக்கு உத்தேசமில்லை. புகழ்பாடித்தான் பரிசில் வாங்கினார்கள். கொடை என்ற சொல்லாடலுக்குள் அதிகாரம் புகுந்து வேலை செய்யும் விதத்தை 1925-இல் மார்சல் மாஸ் எழுதிய கட்டுரை நமக்குக் காட்டியிருக்கிறது: திருப்பித் தரும் கடமை இல்லாத கொடை என்று எதுவுமில்லை. ஆனால் பரிசிலில் கொடுப்பவனும் வாங்குபவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இன்னது இன்னதற்காகத் தரப்படுகிறது என்பது இருவருக்கும் தெரியும். வியாபாரப் பரிசில் இந்த வரிசை தலைகீழாகிறது. வாங்குபவர் முதலிலேயே காசு கொடுத்துவிட்டார். கொடுப்பவருக்கு அவர் யாரென்று தெரியாது. ஒருவருக்குக் கொடுத்ததைக் காட்டி லட்சம் பேரிடம் வாங்குவதற்காகவே கொடுக்கப்படுகிறது. இதற்குப் பரிசு என்ற பழைய சொல்லின் மரியாதையை இரவல் வாங்கிக்கொண்டார்கள். அரசாங்கமும் தன் லாட்டரிக்குப் 'பரிசுச் சீட்டு' என்றுதான் பெயர் வைத்தது.

2

குலுக்கல் என்பதே அநியாயம் என்று சொல்கிற ஒழுக்கவாதிகளோடு நான் உடன்படவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவது மனித சமூகம் கண்டுபிடித்த நியாயமான முறைகளில் ஒன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விவரிக்கும் நுணுக்கத்தைப் பாருங்கள். வெறுங்குடம்தான் என்று எல்லோரும் பார்க்கும்படி நம்பிமாரில் மூத்தவர் அதைத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறொரு ஓலையை ஒளித்துவைக்க முடியாதபடிக்கு அப்படி ஓர் ஏற்பாடு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினரும் குடத்துக்குப் பக்கத்திலேயே வர முடியாது. இன்றைக்குக் கம்ப்யூட்டர் குலுக்கல் என்று சொல்லி, பூட்டிய அறைக்குள் பெயர் எடுக்கிற எந்தக் கம்பெனியும் இந்த அளவுக்குப் போவதில்லை.

ஆனால் அந்தக் குடத்தில் யார் பெயர் போனது? கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உள்ள ஆண்களின் பெயர். அது ஒரு சதுர்வேதிமங்கலத்தின் சபை. குலுக்கலில் அப்பழுக்கில்லை, குடம் மட்டும் முன்னாலேயே சலித்து எடுக்கப்பட்டது.

தஞ்சைச் சீமையில் இதைவிடத் துலக்கமான உதாரணம் உண்டு. மிராசு கிராமங்களில் ஊர் முழுக்க ஒருவர் கையில் இருந்தால் ஏகபோகம். பலர் நிலையாகப் பிரித்துக்கொண்டிருந்தால் பலபோகம். பங்காளிகள் பொதுவில் வைத்திருந்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தை மாற்றி மாற்றிப் பிரித்துக்கொண்டால் சமுதாயம். அந்த மாற்றிப் பிரித்தலுக்குக் கரையீடு என்று பெயர்; சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். தலைமடை நிலம் என்றென்றைக்கும் ஒருவனுக்கே, கடைமடை நிலம் என்றென்றைக்கும் இன்னொருவனுக்கே என்று ஆகிவிடக் கூடாது என்பது இதன் தர்க்கம். தண்ணீர் எட்டுவதும் எட்டாததும் விதியாக இருக்கிற ஊரில், அந்த விதியைச் சுற்றிவிட்டுப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஓட்டத்தில் இது மெல்ல மறைந்துபோனது.

இதைக் கேட்டதும் ஆதி சமத்துவம் என்று புல்லரித்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்த நிலத்தில் இறங்கி உழுத, நட்ட, அறுத்த பள்ளரும் பறையரும் கரையீட்டுச் சீட்டில் இல்லை. பங்கு யாருக்கு மாறினாலும் அவர்களுடைய உழைப்பு அந்தப் பங்கின் பலத்தில்தான் இருந்தது. சீட்டு எந்தப் பக்கம் விழுந்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். குலுக்கலின் நியாயம் குடத்தின் விளிம்போடு முடிந்துவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட என்னிடம் வேறு சான்றில்லை.

3

காலனி அரசு இந்த விளிம்பை வேறு விதமாக வரைந்தது. அது கேட்ட கேள்வி: குடம் யாருடையது? கல்கத்தா நகரத்தின் சாலைகளையும் பொதுக் கட்டடங்களையும் அமைக்கக் கம்பெனி ஆட்சி லாட்டரிப் பணத்தைத்தான் பயன்படுத்தியது. 1817-இல் அதற்கென்றே லாட்டரிக் குழு இருந்தது. பிறகு 1844-ஆம் ஆண்டின் 5-ஆம் எண் சட்டம், அரசாங்கம் அனுமதிக்காத லாட்டரிகள் எல்லாம் பொதுத் தொல்லை என்று அறிவித்தது. (அதற்கு முந்தைய ஆண்டின் 5-ஆம் எண் சட்டம்தான் அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவை நீக்கியது. தஞ்சைப் பண்ணையாட்களுக்கு அதனால் என்ன கிடைத்தது என்பது தனிக்கதை.) 1870-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294அ என்ற பிரிவு சேர்ந்தது. அரசு அனுமதி பெறாத லாட்டரிக்கு இடம் வைப்பதும், சீட்டு விழுந்தால் இன்னது தருவேன் என்று விளம்பரம் செய்வதும் குற்றமாயின. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இதுவே 297-ஆம் பிரிவாக நீடிக்கிறது. ஒன்றரை நூற்றாண்டாக மாறாதது 'அரசு அனுமதி பெறாத' என்ற தொடர். லாட்டரி கெட்டது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. அடுத்தவன் நடத்தும் லாட்டரி கெட்டது என்றுதான் சொல்கிறது.

சுதந்திர இந்தியாவும் இதே பாதையில் நடந்தது. கேரளம் 1967-இல் அரசு லாட்டரியைத் தொடங்கியது; தமிழகத்தில் அண்ணா ஆட்சியில் 1968-இல் வந்தது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற வாசகம் பட்டிதொட்டியெல்லாம் பரவியது. கைதேர்ந்த வாசகம்தான். தோற்றவனைத் தியாகியாக்கிவிடுகிறது. அதே 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதன் பின்னணியில் இருந்தது கூலியாக இன்னும் அரைப்படி நெல் கேட்ட போராட்டம். இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. ஆனால் வரலாற்றைப் படிக்கிறவர் கண்ணில் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன. கேட்டுப் பெற வேண்டிய அரைப்படி ஒரு புறம். கேட்காமலே விழலாம் என்று ஆசை காட்டிய சீட்டு மறுபுறம். முன்னதற்குச் சங்கம் வேண்டும், கொடி வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும். பின்னதற்குச் சட்டைப்பையில் சில்லறை இருந்தால் போதும். தனியாளாக நின்றே வாங்கிக்கொள்ளலாம்.

1990களில் இது ஒற்றை இலக்கச் சீட்டாகவும், நாணயத்தால் தேய்த்துப் பார்க்கும் சீட்டாகவும் சுருங்கியது. பின்னதற்கு மக்கள் வைத்த பெயர் 'சுரண்டல் லாட்டரி'. இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் எவரோ, எந்தத் தத்துவப் புத்தகமும் படிக்காமலே விஷயத்தைச் சொல்லிவிட்டார். 1998-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒற்றை இலக்க லாட்டரியைத் தடை செய்தது. மாநிலங்கள் தம் எல்லைக்குள் பிற மாநிலச் சீட்டுகளைத் தடுக்கவும் வழி செய்தது. அரசே நடத்தினாலும் லாட்டரி சூதாட்டம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் சொன்னது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது. கடைக்காரருக்கு 1979-இல் மறுக்கப்பட்ட குடத்தை அரசு 1980களிலும் 90களிலும் தன் தலையில் தானே சுமந்துகொண்டிருந்தது என்பதை மறந்துவிட வேண்டாம். தடைக்குப் பின்னும் 'மூணு நம்பர்' என்று மறைவில் விற்றுக்கொண்டிருப்பதை, படுகையின் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் கேட்கலாம்.

4

யார் நடத்துவது என்ற கேள்விக்கு அடுத்தபடியாகச் சட்டம் கேட்பது, திறமையா அதிர்ஷ்டமா என்பது. இந்தக் கதைக்குள் நம் பத்திரிகை வரலாறு வந்து சேர்கிறது. திருத்துறைப்பூண்டிக்காரரான எஸ்.எஸ். வாசன் 1928-இல் ஆனந்த விகடனை வாங்கினார். 1930களில் அது நடத்திய குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டிகள் அதன் விற்பனையைப் பெருக்கின. தமிழின் வெகுஜன வாசகத் தளம் உருவானதில் கதைக்கும் நகைச்சுவைக்கும் இருந்த பங்கை எழுதிய நாம், பரிசுக் கட்டங்களுக்கு இருந்த பங்கை எழுதவில்லை. சிறுபத்திரிகை மரபு வெகுஜனப் பத்திரிகையை ரசனையின் பேரால்தான் எதிர்த்தது; அதன் கல்லாப்பெட்டியைப் பற்றிக் குறைவாகவே பேசியது.

குறுக்கெழுத்துப் பைத்தியம் இந்தியா முழுக்கவும் இருந்தது. 1955-இல் நாடாளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றியது. ஒரு மாதத்தில் மொத்தப் பரிசு 1,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, ஒரு போட்டிக்கு 2,000 நுழைவுகளுக்கு மேல் கூடாது, அதற்குள் நடத்தவும் உரிமம் வேண்டும். ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா இதை எதிர்த்து வழக்காடினார். 1957-இல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர், தீட்சிதர் கிருதிகளில் ஊறியவர், 1944-இல் சங்கீத கலாநிதி. பெரும்பகுதி திறமையைச் சார்ந்த போட்டிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, சூதாட்டத் தன்மை கொண்டதற்கே பொருந்தும் என்று தீர்ப்பு பிரித்தது. ரோஜர் கய்வா 1958-இல் விளையாட்டுகளைப் போட்டி, தற்செயல் என்றெல்லாம் வகைப்படுத்துவதற்கு ஓராண்டு முன்பே நம் நீதிமன்றம் அந்தக் கோட்டைப் போட்டுவிட்டது.

அந்தக் கோட்டைக் கம்பெனிகள் எப்படித் தாண்டின என்பது நமக்குத் தெரிந்ததுதான். 'இந்தச் சோப்பை நான் விரும்பக் காரணம்...' என்று பத்துச் சொல்லில் வாக்கியத்தை முடிக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான், குலுக்கல் இலக்கியப் போட்டியாகிவிட்டது. கம்பெனிக்கு ஆயிரக்கணக்கான விளம்பர வாசகங்கள் சும்மா கிடைத்தன. எந்த வாக்கியம் ஏன் வென்றது என்று எங்கும் அச்சாகாது. 'நடுவர் தீர்ப்பே இறுதியானது' என்ற ஒரு வரி எல்லாவற்றையும் மூடிவிடும். குலுக்கலிலாவது விரலை விரித்துக் காட்டச் சொல்லலாம். திறமைப் போட்டியில் நடுவரின் உள்ளங்கையை யார் பார்த்தார்கள்? சட்டம் உயர்ந்தது என்று ஒதுக்கிவைத்த திறமைதான் சில நேரம் கூடுதலாக மறைக்கிறது.

5

இப்போது கடைத்தெருவுக்கு வருவோம். படுகையின் பணம் பட்டத்தோடு வருவது. சம்பா அறுத்து மூட்டை போனால் தை, மாசியில் கையில் காசு புழங்கும். ஆடியில் விதைச் செலவும் வெறுங்கையும். வருஷம் முழுக்கச் சம்பளம் வாங்காத வீட்டில், குடமோ அண்டாவோ கிரைண்டரோ ஒரே தடவையில் வாங்க முடியாது. இந்த இடைவெளியில்தான் பாத்திரச் சீட்டு, தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு எல்லாம் முளைத்தன. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

கணக்குக்காக ஒரு குலுக்கல் சீட்டை எடுத்துக்கொள்வோம். 200 பேர், மாதம் 50 ரூபாய், 20 மாதம். மாதம் ஒருவருக்குக் குலுக்கலில் 1,000 ரூபாய்ப் பொருள். விழுந்தவர் அதன்பிறகு கட்ட வேண்டாம். விழாதவர்களுக்கு முடிவில் அவர்கள் கட்டிய 1,000 ரூபாய்க்குப் பொருள். 'யாருக்கும் நட்டமில்ல, விழுந்தா லாபம்' என்பது கடைக்காரர் பேச்சு. முதல் மாதம் விழுந்தவர் 50 ரூபாய் கட்டி 1,000 பெறுகிறார்; இருபதாம் மாதம் விழுந்தவருக்கு லாபம் ஒன்றுமில்லை. இருபது பேருக்கும் கடை விட்டுக்கொடுத்ததைக் கூட்டினால் 9,500 ரூபாய். மறுபுறம், முதல் மாதத்திலிருந்தே கடைக்காரர் கையில் மற்றவர்கள் பணம் சேர்ந்துகொண்டு போகிறது. கொடுத்த பொருளைக் கழித்தபின் மீந்ததற்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி போட்டால்கூட, இருபது மாதத்தில் சுமார் 16,500 ரூபாய். நம்மூர் வட்டிக்கடையில் 'ஒரு வட்டி' என்பது மலிவு. பொருளின் விலைக்குள் இருக்கும் லாபம் இதில் சேரவில்லை. ஆக, பரிசைக் கொடுத்தது கடை அல்ல. விழாத 180 பேரின் வட்டி, விழுந்தவர்களின் பரிசாக மாறி, மிச்சம் கடைக்குப் போகிறது.

இதோடு ஏலச்சீட்டை வைத்துப் பாருங்கள். அங்கேயும் பலர் பணம் ஒரு குடத்தில் சேர்கிறது. அங்கேயும் ஒருவர் முதலில் எடுக்கிறார். ஆனால் எடுப்பவர் தள்ளிய தொகை மற்ற உறுப்பினர்களுக்கே பிரிகிறது. நடத்துபவருக்குக் குறிப்பிட்ட கமிஷன். 1961-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சீட்டுச் சட்டமும் 1982-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் இதற்கு அனுமதி தந்து கட்டுப்பாடும் விதித்தன. மோசடி அங்கே இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் குடத்தின் பலன் குடத்தில் போட்டவர்களுக்குத் திரும்ப வேண்டும் என்ற கொள்கை அதன் அமைப்பிலேயே இருக்கிறது.

குலுக்கல் சீட்டைச் சட்டம் வேறு விதமாக நடத்தியது. 1970களில் ரிசர்வ் வங்கி அமைத்த ஜேம்ஸ் ராஜ் குழு, இத்தகைய பரிசுச் சீட்டுகளைத் தடை செய்யச் சொன்னது. 1978-இல் பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் (தடை) சட்டம் வந்தது. 1980-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் அதைச் செல்லும் என்றார். தமிழ்நாட்டின் 1979-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் தம்பி. பொருள் வாங்குவோருக்கான குலுக்கலையும் அது அடைத்தது. நோக்கத்தில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவைப் படித்தபோது தூக்கிவாரிப்போட்டது. நடத்துபவரை மட்டும் அது தடுக்கவில்லை. அதில் உறுப்பினராகச் சேருவதையும் வேறு விதத்தில் பங்கெடுப்பதையும் தடுக்கிறது. மீறினால் மூன்றாண்டு வரை சிறை.

நான் பள்ளியில் படித்த காலம், 2000களின் தொடக்கம். எங்கள் தெருவில் அம்மா உட்படப் பத்துப் பதினைந்து பேர் ஒரு பாத்திரக் கடைச் சீட்டில் இருந்தார்கள்; கடையின் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். பாதி தாண்டியதும் ஒருநாள் கடை பூட்டிக் கிடந்தது. ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று ஒருவர் சொன்னதற்கு அம்மா சொன்ன பதில் இன்னும் நினைவில் இருக்கிறது: 'அதுல சேந்ததே தப்புன்னு சொல்லிட்டா, நாம எங்க போயி நிக்கிறது அக்கா?' யாரும் போகவில்லை. அம்மாவுக்கு 3-ஆம் பிரிவு தெரியாது. தெரிந்தவர் போலத்தான் பேசினார். சட்டம் கீழே வந்து சேரும்போது எண்களாக வருவதில்லை, பயமாக வருகிறது.

பெண்களைக் காப்பதாகச் சொல்லும் ஒரு சட்டம், ஏமாந்த பெண்ணையே வாசலில் நிறுத்திவைக்கும் கதை இது. நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்தபின் 1997-இல் தமிழ்நாடு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சொத்தை முடக்கிப் பணத்தைத் திருப்பித் தரும் வழி அதில் உண்டு. அங்கே பணம் போட்டவர் பாதிக்கப்பட்டவர். இங்கே சீட்டில் சேர்ந்தவர் குற்றத்தின் கூட்டாளி. லட்சத்தில் போட்டவருக்கும் ஐம்பதில் போட்டவருக்கும் இந்த வித்தியாசம் ஏன் என்று யாராவது விளக்கினால் நல்லது.

6

மற்ற மாநிலங்களில் கதை நுகர்வோர் சட்டத்தின் வழியாக நடந்தது. ஏகபோக வணிகத் தடைச் சட்டத்தில் 1984-இல் செய்த திருத்தமும், அதை ஒட்டி 1986, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டங்களும் நியாயமற்ற வணிக முறைக்கு விளக்கம் தருகின்றன. தரும் எண்ணமில்லாமல் பரிசு அறிவிப்பது, விலைக்குள் அடங்கியதை இலவசம் என்று தோன்றச் செய்வது, விற்பனையைப் பெருக்க லாட்டரியோ அதிர்ஷ்டப் போட்டியோ நடத்துவது எல்லாம் அதில் சேரும். எழுத்தில் பார்த்தால், நான் மேலே போட்ட கணக்கையே சட்டமும் போட்டிருக்கிறது.

நீதிமன்றத்தில் அந்தக் கணக்கு நிற்கவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டில்கள் சிலவற்றில் பரிசுச் சீட்டு வைத்த திட்டத்தை ஆணையம் தவறென்றது. 1998-இல் உச்ச நீதிமன்றம் அது சாதாரணப் பொருளில் லாட்டரி ஆகாது என்று சொல்லி அதை மாற்றியது. 2007-இல் 'கௌன் பனேகா கரோர்பதி' நிகழ்ச்சியோடு ஒரு போட்டி வந்தது. பார்வையாளர் விடையை எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும்; ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 2 ரூபாய் 40 காசு. சரியான விடைகளில் ஒன்றைக் குலுக்கி எடுத்து 2 லட்சம். பரிசுப் பணம் அந்த எஸ்.எம்.எஸ். கட்டணத்திலிருந்தே வருகிறது என்று கண்ட தேசிய நுகர்வோர் ஆணையம், 2008-இல் ஸ்டார் இந்தியாவும் ஏர்டெல்லும் 1 கோடி ரூபாய் தண்டத் தொகை கட்ட வேண்டும் என்றது. 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. பரிசுப் பணம் கட்டணத்திலிருந்து வந்தது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பது காரணம்.

தீர்ப்பை நான் குறை சொல்லவில்லை. ஆதாரம் இல்லாமல் தண்டிக்க முடியாது. என் கேள்வி வேறு. அந்த ஆதாரம் எங்கே இருக்கிறது? கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில். நிரூபிக்க வேண்டியவர் யார்? அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்திராத நுகர்வோர். கணக்குக் காட்டாதவன் குடத்தருகே வரக் கூடாது என்று பத்தாம் நூற்றாண்டில் கல்லில் வெட்டினார்கள். கணக்குக் காட்டும் பொறுப்பு குடம் வைத்திருப்பவருடையது என்பது அந்தச் சபைக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சபை எவ்வளவு குறுகியதாக இருந்தாலும், இந்த ஒரு விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்திருக்கிறது.

சீட்டு வாங்குகிறவர் உண்மையில் எதை வாங்குகிறார் என்பதிலும் சட்டம் தடுமாறியிருக்கிறது. லாட்டரி மீது விற்பனை வரி போடலாமா என்ற தமிழ்நாட்டு வழக்கில், குலுக்கலில் பங்கேற்கும் உரிமை ஒரு சரக்கு என்று 1980களில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2006-இல் அரசியல் சாசன அமர்வு அது சரக்கல்ல என்று திருத்தியது. நீதிபதிகளுக்கே இருபது வருஷம் பிடித்த கேள்வி, பெட்டிக்கடை வாசலில் நிற்கிறவருக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடுமா?

7

1979-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிடலாம், தமிழ்நாட்டு நுகர்வோருக்கும் கார் விழட்டும் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கார் விழும் ஒருவருக்காக நாம் எல்லோரும் ஏற்கனவே காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். பரிசு இல்லாத தமிழ்நாட்டிலும் பிஸ்கட்டின் விலை அதேதான் என்றால், வட மாநிலத்தில் விழும் காருக்கு நாமும் மொய் எழுதுகிறோம் என்று அர்த்தம். இதற்குப் பரிகாரம் நமக்கும் குலுக்கல் கேட்பதாக இருக்க முடியாது. விலையைக் குறைக்கக் கேட்பதுதான்.

ஒரு வகையில் தமிழ்நாட்டு அரசியலும் இந்தத் திசையில்தான் நகர்ந்தது. லாட்டரி போன மூன்றாண்டில், 2006-இல், தொலைக்காட்சிப் பெட்டி வாக்குறுதி வந்தது. பிறகு 'விலையில்லா' மிக்ஸியும் கிரைண்டரும். இது ஊழல் நடவடிக்கை ஆகாது என்று சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இலவசங்கள் பற்றி நமக்கு ஆயிரம் விமர்சனம் இருக்கலாம். ஆனால் அட்டை வைத்திருக்கிற எல்லோருக்கும் என்பது ஒரு தர்க்கம், லட்சத்தில் ஒருவருக்கு என்பது இன்னொரு தர்க்கம். முன்னதை 'வரல' என்று தாலுகா ஆபீசில் போய்க் கேட்க முடியும். பரிசில் கடாநிலைக்கு அங்கே இடம் உண்டு.

திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய கோடும் அழியத் தொடங்கிவிட்டது. 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தைப் பரிசீலித்த சென்னை உயர் நீதிமன்றம், 2023 நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று அந்தப் பழைய கோட்டிலேயே நின்றது. 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் விளையாட்டு எதுவாயினும் கூடாது என்றது. ஆடியவரைத் தண்டிக்காமல், நடத்துபவரையும் விளம்பரம் செய்பவரையும் குற்றவாளியாக்கியது. இணையத்தில் ஆடித் தோற்றவர் பாதிக்கப்பட்டவர் என்று ஒப்புக்கொண்ட அரசு, பாத்திரச் சீட்டில் ஐம்பது ஐம்பதாகக் கட்டித் தோற்ற பெண்ணை இன்னமும் 1978-லேயே விட்டுவைத்திருக்கிறது.

நுகர்வோர் அமைப்புகளிலும் மாதர் சங்கங்களிலும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களிலும் வேலை செய்யும் நண்பர்கள் இந்த இதழைப் படிக்கிறார்கள். அவர்கள் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவிலிருந்து, சேர்ந்தவர் என்ற ஒரே காரணத்துக்காகக் குற்றவாளியாகும் பகுதியை எடுக்க வேண்டும். தடை செய்யப்பட்ட சீட்டு உடைந்தால், நடத்தியவர் சொத்தில் முதல் உரிமை அதில் கட்டியவர்களுக்கு இருக்க வேண்டும். 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியை அவர்களுக்கும் தெளிவாகத் திறந்துவிட வேண்டும். பரிசு அறிவிக்கிற எவரும், அது கம்பெனியோ டி.வி.யோ அரசோ, எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், எவ்வளவு வசூலானது, எவ்வளவு பரிசாகப் போனது என்ற கணக்கை முடிந்தவுடன் வெளியிட வேண்டும். நிரூபிக்கும் சுமை அவர்கள் மேல் இருக்க வேண்டும். இதில் மூன்றாவதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த தீபாவளிக்கு நகைக்கடையும் பாத்திரக்கடையும் சீட்டு அட்டையை நீட்டும்போது, வாங்குமுன் இந்தக் கணக்கைக் கேட்கச் சொல்லலாம். ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். தெருவே சேர்ந்து போய்க் கேட்டால் என்ன செய்கிறார் என்று பார்ப்போம்.